புள்ளடி முதலில் கட்சிக்கு

"ஆளைப் பாத்துப் போடுங்கோ, கட்சியைப் பாராதேங்கோ." பொதுத்தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணிக் கடையிலும் சலூனிலும் கோயில் வீதியிலும் காதில் விழுகிற வசனம் இது. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். கட்சிகள் எத்தனையோ தடவை கைவிட்டுவிட்டன, நேர்மையான ஒருவரையாவது தேடிப்பிடித்து அனுப்புவோம் என்ற ஆதங்கம் அதற்குள் இருக்கிறது. அந்த ஆதங்கத்தை மதிக்கிறேன். ஆனால் வசனத்தை ஏற்க முடியவில்லை. இலங்கையின் பொதுத்தேர்தலில் ஆளை மட்டும் பார்த்துப் போடுவதற்கு வாக்குச்சீட்டில் இடமே இல்லை. போடுகிற முதல் புள்ளடி (X அடையாளம்) கட்சிக்கு. அது விழாவிட்டால் ஆளுக்குப் போட்ட புள்ளடி செல்லாது. அது விழுந்துவிட்டால், உங்களுக்குப் பிடித்த ஆள் தோற்றாலும் உங்கள் வாக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

வாக்குச்சீட்டைக் கையில் எடுத்து ஒருமுறை பாருங்கள். நீளமான தாள். மேலிருந்து கீழாகக் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும், பெயர் மூன்று மொழியிலும், பக்கத்தில் சின்னம், அதன் பக்கத்தில் வெறும் கட்டம். அடியில், எல்லாச் சின்னங்களும் முடிந்த பிறகு, சிறு கட்டங்களில் வெறும் எண்கள். யாழ்ப்பாணத்தில் 2024இல் அவை 1 முதல் 9 வரை. அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் கிடையாது. 4 என்ற கட்டம் யாரைக் குறிக்கிறது என்பது மேலே எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டுச் சின்னத்துக்குப் போட்டால் 4 ஒருவர், சைக்கிளுக்குப் போட்டால் 4 வேறொருவர், திசைகாட்டிக்குப் போட்டால் இன்னொருவர். ஒரு கட்சியின் பட்டியலில் ஒருவரையும் இன்னொரு கட்சியின் பட்டியலில் மற்றொருவரையும் தெரிந்தெடுக்க வழியில்லை. விருப்பு வாக்கு, அதாவது கீழே எண்ணுக்குப் போடுகிற புள்ளடி, ஒரு பட்டியலுக்குள் நடக்கிற போட்டி. எந்தப் பட்டியலுக்குள் போகிறீர்கள் என்பதை மேலே போட்ட புள்ளடி முடிவுசெய்துவிடுகிறது. வேட்பாளர்கள் தங்கள் இலக்கத்தைச் சுவரெல்லாம் ஒட்டித் திரிவதும், ஒரே சின்னத்தில் நிற்பவர்களே ஒருவரை ஒருவர் குறை சொல்வதும் இதனால்தான்.

எனவே ஒன்பது பேரில் நாலாவது ஆளை நீங்கள் மனதார விரும்பி, அவருக்காகவே அந்தச் சின்னத்துக்குப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் பட்டியலுக்கு ஒரே ஒரு ஆசனம் கிடைத்து, விருப்பு வாக்கில் வேறொருவர் முதலாவதாக வந்தால், உங்கள் வாக்கு அந்த வேறொருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. 2024இல் யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சின்னத்தில் நின்ற இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு விழுந்தவை 63,327 வாக்குகள். கிடைத்தது ஒரு ஆசனம். அது 32,833 விருப்பு வாக்குகள் பெற்ற சிவஞானம் சிறீதரனுக்குப் போனது. அதே பட்டியலில் நின்ற, நாடறிந்த எம்.ஏ. சுமந்திரன் தெரிவாகவில்லை. சுமந்திரனுக்காக வீட்டுக்குப் போட்டவரின் வாக்கும், சிறீதரனுக்காக வீட்டுக்குப் போட்டவரின் வாக்கும் சேர்ந்துதான் அந்த ஒரு ஆசனத்தைக் கட்டின. இருவரில் யார் நல்லவர் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. ஒருவரை அனுப்பவும் மற்றவரைத் தடுக்கவும் நினைத்தவர்கள் எல்லாரும் ஒரே பெட்டியில்தான் வாக்கைப் போட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு போட்டார்களா என்பதே எனக்கு உறுத்தல்.

ஆறு ஆசனத்தின் கணக்கு

இந்த உறுத்தல் முழு வடிவம் எடுத்தது 2024 நவம்பர் 14 தேர்தலின் யாழ்ப்பாண முடிவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான். கணக்கு கடினமில்லை, கல்குலேட்டர் போதும். பொறுமையாக வாருங்கள். எந்தக் கட்சிக்குப் போடுவது என்ற முடிவில் பாதி இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் ஏழு. 2024இல் ஆறு. நாட்டின் மொத்த வாக்காளரில் மாவட்டத்தின் பங்கு குறையக் குறைய ஆசனமும் குறையும். ஆறு ஆசனத்தோடு மூன்றைக் கூட்டி ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர். 23 கட்சிகளும் 21 சுயேச்சைக் குழுக்களுமாக 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். செல்லுபடியான வாக்குகள் 325,312.

தெரிவத்தாட்சி அலுவலர் (மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் அதிகாரி) முதலில் செய்வது வெட்டுவது. செல்லுபடியான வாக்கில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 சதவீதம் எடுக்காத பட்டியல்கள் கணக்கிலிருந்தே நீக்கப்படும். 1988இல் வந்த அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தில் அது எட்டில் ஒரு பங்காக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 15ஆம் திருத்தம்தான் இருபதில் ஒன்றாகக் குறைத்தது. யாழ்ப்பாணத்தில் 5 சதவீதம் என்றால் 16,266 வாக்குகள். 44 பட்டியல்களில் அதைத் தாண்டியவை ஆறு: திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, சைக்கிள் சின்னத்தில் நின்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986, ஊசிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு 17 பெற்றவை 27,855, சங்குச் சின்னத்தில் நின்ற சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் சனநாயகக் கட்சி 17,730. கூட்டினால் 240,241.

அடுத்தது போனஸ். மாவட்டத்தில் முதலாவதாக வந்த பட்டியலுக்கு ஒரு ஆசனம் சும்மாவே போகும். அது தேசிய மக்கள் சக்திக்கு. மிச்சம் ஐந்து. 240,241ஐ ஐந்தால் வகுத்தால் 48,048 சொச்சம். சொச்சம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும், ஆகவே 48,049. ஒவ்வொரு பட்டியலின் வாக்கிலும் இந்த எண் எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்ப்பார்கள். தேசிய மக்கள் சக்தியில் ஒருமுறை, மிச்சம் 32,781. தமிழரசில் ஒருமுறை, மிச்சம் 15,278. மற்ற நாலிலும் ஒருமுறைகூட அடங்காது, முழு வாக்கும் மிச்சம். இதுவரை மூன்று ஆசனம் போய்விட்டது. மீதி மூன்றும் மிச்சம் பெரிதாக உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும்: 32,781 வைத்திருக்கும் தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, 27,986க்காகக் காங்கிரசுக்கு ஒன்று, 27,855க்காகச் சுயேச்சைக் குழு 17க்கு ஒன்று. கடைசி நிலை மூன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. கால்வாசிக்குச் சற்றுக் குறைவான வாக்குக்குப் பாதி ஆசனம்.

இதைப் பார்த்துப் பலர் போனஸைத்தான் திட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரியது வேறொரு எண்: 325,312இல் 240,241ஐக் கழித்தால் 85,071. வெட்டுப்பட்ட 38 பட்டியல்களுக்கு விழுந்த வாக்குகள் அவை. போட்ட வாக்கில் கால்வாசிக்கு மேல். எந்தத் தனிப் பட்டியலுக்கும் விழுந்ததைவிட அதிகம், முதலாவதாக வந்ததையும் தாண்டிய தொகை.

"அது வீணாப்போன வாக்கு" என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். அதோடு விடக்கூடாது. வெட்டே இல்லையென்று வைத்து அதே கணக்கை இன்னொருமுறை போடுங்கள். 325,312ஐ ஐந்தால் வகுத்தால் 65,063. தேசிய மக்கள் சக்திக்கு போனஸ் ஒன்று, முழுமையாக ஒன்று, மிச்சம் 15,767 மட்டுமே. தமிழரசின் 63,327இல் 65,063 அடங்காது, முழுவதும் மிச்சமாக நிற்கும். மீதி நாலு ஆசனமும் 63,327, 27,986, 27,855, 22,513 என்று போகும். ஆறாவது ஆசனம் சங்குக்கு. நிஜத்தில் அது திசைகாட்டிக்குப் போனது. வெட்டுப்பட்ட வாக்குகள் கணக்கை விட்டு வெளியேறும்போது வகுக்கும் எண்ணை 65,063இலிருந்து 48,049க்கு இறக்கிவிட்டு வெளியேறின. அந்த எண் இறங்க, பெரிய பட்டியலின் மிச்சம் இரண்டு மடங்குக்கு மேலே ஏறியது. ஒரு சிறிய சுயேச்சைக் குழுவுக்கு "எதிர்ப்பைக் காட்டுவோம்" என்று போட்டவர்கள், ஆசனக் கணக்கைப் பொறுத்தவரை அன்று வீட்டிலேயே இருந்திருந்தாலும் முடிவில் ஒரு மாற்றமும் இருந்திராது. இது திசைகாட்டியின் தப்பு அல்ல, சட்டம் சொன்னபடி அவர்களுக்கு வந்த ஆசனம் அது. நாளைக்கு வேறு சின்னம் முதலாவதாக வந்தால் இதே இயந்திரம் அவர்களுக்கு ஊழியம் செய்யும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீடும் சங்கும் ஒரே சின்னத்தில் நின்று, அதே வாக்குகள் அப்படியே விழுந்திருந்தால் 85,840. திசைகாட்டியின் 80,830ஐத் தாண்டி போனஸ் கை மாறியிருக்கும். அந்தக் கூட்டுக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று, ஊசிக்கு இல்லை. சேர்ந்து நின்றால் அதே மக்கள் அப்படியே போட்டிருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சிலர் விலகியிருப்பார்கள். பிரிந்து நிற்பதற்குக் கட்சிகள் சொல்லும் காரணங்களை வாக்காளர் எடைபோடும்போது, அந்தக் காரணத்தின் விலை யாழ்ப்பாணத்தில் இரண்டு ஆசனம் வரை போகக்கூடும் என்பதையாவது தெரிந்துகொண்டு எடைபோட வேண்டும்.

சிறிய கட்சிக்குப் போடவே கூடாதா?

அப்படி நான் சொல்லவில்லை. பெரிய சின்னத்துக்கே போடுங்கள் என்பது பெரிய சின்னங்களின் பிரசாரம். நான் கேட்பது, போடுமுன் உங்கள் மாவட்டத்தின் அளவைப் பாருங்கள் என்பதே. சட்டத்தில் உள்ள 5 சதவீதம் எல்லா மாவட்டத்திலும் ஒரே எடை கொண்டதல்ல. கம்பஹாவில் 2024இல் 19 ஆசனங்கள். போனஸ் போக 18. அங்கே ஐந்தரை சதவீதம் சொச்சம் எடுத்தாலே ஒரு முழு ஆசனம், ஆகவே வெட்டுப்புள்ளிதான் உண்மையான வாசல். திருகோணமலையில் நாலு ஆசனம். போனஸ் போக மூன்று, முழு ஆசனத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வேண்டும். அங்கே 5 சதவீதத்தைத் தாண்டுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. யாழ்ப்பாணம் இடையில். 2024இல் 6.92 சதவீதம் எடுத்த பட்டியலுக்கு ஆசனமில்லை, 8.56 எடுத்த பட்டியலுக்கு உண்டு. அந்த இடைவெளி 5,342 வாக்குகள். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய பட்டியலை ஆதரிப்பவர் தன்னைக் கேட்க வேண்டியது "இது ஐந்தைத் தாண்டுமா" என்றல்ல, "எட்டரைப் பக்கம் வருமா" என்று. சுற்றியுள்ள பத்து வீட்டில் ஒருவீடாவது இந்தச் சின்னத்தைப் பற்றித் தாமாகப் பேசுகிறதா என்று பார்த்தாலே ஓரளவு பிடிபடும்.

வாக்குக்கு இரண்டாவது உயிர் ஒன்றும் உண்டு. 225 பேரில் 196 பேர்தான் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். அந்த 29ஐப் பகிரும்போது நாடு முழுவதும் விழுந்த வாக்கைக் கூட்டிப் பார்க்கிறார்கள், அங்கே 5 சதவீத வெட்டு இல்லை. 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி ஒரு மாவட்டத்திலும் ஒரு ஆசனமும் பெறவில்லை. நாடளாவிய 249,435 வாக்குகளால், வெறும் 2.15 சதவீதத்தால், தேசியப் பட்டியலில் ஒன்றைப் பெற்றது. எனவே யாழ்ப்பாணத்தில் வெட்டுப்பட்டாலும், பல மாவட்டங்களில் நிற்கிற கட்சிக்குப் போட்ட வாக்கு தேசியக் கணக்கில் உயிரோடு இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் மட்டும் நிற்கிற சுயேச்சைக் குழுவுக்கு அந்த வழி நடைமுறையில் மூடியே இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் "சின்னக் கட்சி" மாதிரித் தெரியும். வாக்குக்கு நேர்வது வேறு வேறு.

தெரிந்தே தோற்கும் பட்டியலுக்குப் போடுவதும் மரியாதைக்குரிய முடிவுதான். ஒரு கருத்து மண்ணில் இருக்கிறது என்று எண்ணிக்கையாகப் பதிவது சிறிய விஷயமல்ல. தெரியாமல் போடுவதுதான் என்னை வருத்துகிறது.

விஞ்ஞாபனத்தை நாலாகப் பிரியுங்கள்

எண்களை ஒருபுறம் வைத்துவிட்டுக் கொள்கைக்கு வருவோம். எல்லாத் தேர்தல் விஞ்ஞாபனங்களும் நல்லதைத்தான் சொல்லும். எது நல்லது என்று பார்ப்பதைவிட, சொன்னதை எந்தக் கையால் செய்யப்போகிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். ஒரு வெற்றுத்தாளை நாலாக மடியுங்கள். முதல் மடிப்பில், ஜனாதிபதியோ அமைச்சரோ ஒரு கையெழுத்தால் செய்யக்கூடியவை: படையினர் வசமுள்ள காணியை விடுவிப்பது, வைத்தியசாலைக்கு ஆளணி, வீதி. இரண்டாவதில், நாடாளுமன்றச் சாதாரண பெரும்பான்மை வேண்டியவை. 225 பேரும் வந்து வாக்களித்தால் அது 113 கை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது இங்கே வரும். மூன்றாவதில், மூன்றில் இரண்டு, அதாவது 150 கை வேண்டிய அரசியலமைப்புத் திருத்தங்கள். நாலாவதில், 150 கையோடு மக்கள் தீர்ப்பும் (நேரடி வாக்கெடுப்பும்) வேண்டியவை. ஒற்றையாட்சி என்று சொல்லும் 2ஆம் உறுப்புரையைத் தொடுகிற எதுவும், ஆகவே சமஷ்டி (கூட்டாட்சி), இந்த மடிப்பில்தான்.

மாகாண சபைத் தேர்தலை எடுத்துப் பாருங்கள். வடமாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் தேர்தல் நடந்தது, 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு சபை வெறுமையானதற்குக் காரணம் அரசியலமைப்பு அல்ல. 2017இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் நாடாளுமன்றத்தில் தோற்றது, பழைய முறையும் இல்லாமல் புதிய முறையும் இல்லாமல் சபைகள் நடுவழியில் நின்றன. அதை அவிழ்க்கச் சாதாரண பெரும்பான்மையில் ஒரு சட்டம் போதும். ஆகவே "மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம்" என்று அரசாங்கக் கட்சி சொன்னால் அது இரண்டாவது மடிப்பு, சாக்குப்போக்குக்கு இடமில்லாத வாக்குறுதி. ஒரு ஆசனம், இரண்டு ஆசனம் எதிர்பார்க்கிற கட்சி அதையே சொன்னால், "யாரோடு சேர்ந்து 113 ஆக்குவீர்கள்" என்று கேட்க வேண்டும். ஒரு மேடையில் நாலாவது மடிப்புப் பேச்சு மட்டுமே கேட்டு, முதல் இரண்டு மடிப்பில் ஒன்றும் எழுத முடியாவிட்டால், அந்தக் கட்சி அடுத்த ஐந்து வருடத்தில் எதற்குப் பொறுப்புச் சொல்லும்? மறுபக்கமும் உண்டு: முதல் மடிப்பு மட்டும் நிரம்பி மூன்றும் நாலும் வெறுமையாக இருந்தால், அந்தக் கட்சி தமிழரின் அரசியல் கேள்வியை வீதியாலும் விளக்குக் கம்பத்தாலும் தீர்க்கலாம் என்று நினைக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் வாக்காளரின் உரிமை, ஆனால் வெறுமையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

ஒன்பது பேரையும் வாசியுங்கள்

பட்டியலுக்குப் போடுகிறீர்கள் என்றால் பட்டியல் முழுவதையும் வாசிக்க வேண்டும். இரண்டு முகம் தெரிந்தால் போதாது. நம் மாவட்டத்தில் பெரும்பாலான பட்டியல்களுக்கு வருவது ஒரு ஆசனம், ஆகவே விருப்பு வாக்கில் முதலாவதாக வரக்கூடியவர் யார் என்பதே முதல் கேள்வி. அது தலைவர் இல்லாமலும் இருக்கலாம். ஊர்ப்பலம், சமூகப்பலம், கையிலுள்ள பணம், எல்லாம் அந்த உள்வீட்டுப் போட்டியைத் தீர்மானிக்கும். பிறகு இரண்டாவது, மூன்றாவது ஆள். இடைத்தேர்தல் இந்த நாட்டில் இப்போது இல்லை. தெரிவானவர் இறந்தால், பதவி விலகினால், பதவி பறிபோனால் அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார். அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையின்படி கட்சி ஒருவரை நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் வெறிதாகும், அவர் அதற்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆசனம் சட்டப்படி கட்சியோடு கட்டப்பட்டிருக்கிறது. "எங்கடை ஆள் கட்சியை மீறி நிற்பார்" என்று நம்பிப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

தேசியப் பட்டியலையும் பாருங்கள். அதற்கான பெயர்களைக் கட்சிகள் வேட்புமனுக் காலத்திலேயே கொடுக்கின்றன, பத்திரிகையில் வருகிறது. ஆனால் கிடைக்கும் ஆசனத்துக்கு அந்தப் பட்டியலில் உள்ளவரையும் போடலாம், ஏதாவது மாவட்டத்தில் நின்று தோற்றவரையும் போடலாம். மக்கள் தோற்கடித்தவர் பின்வாசலால் வருவது சட்டத்துக்கு உடன்பாடானதே. வாக்களிக்கப் போகும் முன் கட்சியிடம் "தோற்றவரைப் போடமாட்டோம் என்று சொல்வீர்களா" என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் தராத கட்சியும் ஒரு பதிலைத் தந்துவிட்டது.

முன்னர் உறுப்பினராக இருந்தவர் என்றால் அவர் பேசியது ஹன்சாட்டில், அதாவது நாடாளுமன்ற உரைப் பதிவில், இருக்கிறது. நாடாளுமன்ற இணையதளத்தில் எடுக்கலாம், தமிழில் பேசியிருந்தால் தமிழிலேயே அச்சாகியிருக்கும். வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தை மட்டும் வாசித்தால் போதும். மீன்பிடி அமைச்சின் செலவுத் தலைப்பு வந்த அன்று வடக்கின் இழுவைமடி (கடலடியை வாரும் வலை) பிரச்சினையை, 2017இன் தடைச் சட்டம் கடலில் எப்படி நடைமுறையாகிறது என்பதை, எண்ணோடு கேட்டாரா, பொதுவாக முழங்கினாரா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மேடைப்பேச்சில் தெரியாத ஆள் அங்கே தெரிவார்.

கடைசியில் கை

இவ்வளவு யோசித்து எடுத்த முடிவைக் கை கெடுத்துவிடக்கூடாது. 2024இல் யாழ்ப்பாணத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,000க்கும் மேல், அளிக்கப்பட்டதில் ஏறக்குறைய பதினொன்றுக்கு ஒன்று. ஒரு ஆசனத்தைப் பெற்ற மூன்றாவது பட்டியலின் மொத்த வாக்கைவிட அது அதிகம். வேண்டுமென்றே பழுதாக்கியவர்களும் இருப்பார்கள். ஆனால் அதற்கு 54 நாள் முன்னர், செப்டம்பர் 21இல், ஜனாதிபதித் தேர்தலில் அதே மக்கள் 1, 2, 3 என்று விருப்பத்தை எழுதப் பழக்கப்பட்டிருந்தார்கள். பொதுத்தேர்தலில் எண் எழுதுவது இல்லை, எல்லாம் புள்ளடி. இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டால் வாக்குப் போய்விடும். சின்னத்தை விட்டுவிட்டுக் கீழே எண்ணுக்கு மட்டும் போட்டாலும் போய்விடும், "ஆளைப் பாத்துப் போட்ட" வாக்கு அப்படியே குப்பைக்குப் போகிற இடம் இதுதான். கீழே மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்கு மட்டும் செல்லாது, கட்சி வாக்கு நிற்கும். கீழே ஒன்றுமே போடாவிட்டாலும் கட்சி வாக்கு நிற்கும், ஆனால் யார் போவது என்பதை மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். தாளில் பெயரோ கையெழுத்தோ வைக்கக்கூடாது. உள்ளூராட்சித் தேர்தலின் வட்டார முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது, அங்கே கீழே எண்களே கிடையாது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல்நாள் மாலை பழைய கலண்டர்த் தாளொன்றைத் திருப்பி வைத்து, மேலே நாலைந்து சின்னமும் கீழே ஒன்பது கட்டமும் கீறிக் கொடுங்கள். எந்தச் சின்னம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். "அம்மம்மா, முதல் மேலை ஒண்டு, பிறகு கீழை மூண்டுக்குள்ளை" என்று மட்டும் சொல்லி, அவர் கையாலேயே இரண்டு தடவை போட்டுப் பார்க்க விடுங்கள்.